மூட்டை விழும் சத்தம்

9-6-86, திங்கள்

விடாத மழை. ஜூ டவுன் பக்கம் முழங்கால் தண்ணீர். மாடியறையில் நானும் சிந்தசைசரும். பேஸ் கிடார்க்காரன் துபாய்க்கு ஓடிவிட்டான். இனி கானமேளாக் கச்சேரிகளில் பேஸ் முழுக்க என் இடது கை. கேட்பவன் வயிற்றில் உதைக்க வேண்டும், வருவதோ கொசு முனகல். அலையின் அதிர்வெண்ணைப் பாதியாக்கி 0.50-க்கு இறக்கினேன். ஆழம் இருக்கிறது, அடி இல்லை. பொத்தானைக் குத்திக் குத்தி விரல்நுனி வலி. தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம். உடைத்தால் அக்கா புருஷன், மச்சான், என்னை உடைப்பார். கருவியும் அவருடையது, வீடும் அவருடையது, மைக் செட்டும் அவருடையது.

அக்காவுக்கு உதடு வீக்கம். “பல்லுவலிடா.” கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

10-6, செவ்வாய்

பிற்பகல் முழுக்க ஹெட்போன். காதில் ஒன்றும் உருப்படவில்லை. காலில் கிடைத்தது! வெறுங்காலுக்குக் கீழே பலகைத் தளம் தும் என்று அதிர்ந்தது. சற்றுக் கழித்து இன்னொன்று. பக்கத்துக் குடோனில் இஞ்சி மூட்டை இறக்குகிறார்கள். எனக்கு வேண்டியது அதேதான். வந்ததும் முழு அடி, உடனே சாவு.

எழும் வேகம் 99, அதற்குமேல் கிடையாது. இரண்டாம் அலை முதல் அலையைத் தொடக்கத்தில் மட்டும் உலுக்கட்டும். சுருதி கொஞ்சம் மேலிருந்து விழட்டும். இந்தச் சத்தத்துக்குப் பெயர்: மூட்டை.

12-6, வியாழன்

ஒத்திகை. மச்சானின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் மூட்டையைப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தபலா ஜோஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். “எந்தா மோனே, ஆளைக் கொல்லுமோ!” மச்சான் முதுகில் தட்டினார். “இதான்டா அடி.” எனக்கு ஒரே பெருமை.

13-6, வெள்ளி

மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் ஸ்ட்ரைக். குடோன் எல்லாம் பூட்டு, தெருவில் கைவண்டிகூட இல்லை. காலையில் சாயா, பிறகு ஹெட்போன், மூட்டையில் சின்னத் திருத்தம்.

காலடியில் தும்.

இன்று யார் மூட்டை இறக்குவது? ஹெட்போனைக் கழற்றினேன். மறுபடி தும். கூடவே அக்காவின் குரல். “வேண்டாங்க, வேண்டாங்க.”

கீழே ஓடினேன். அக்காவின் முடி மச்சான் கையில். தலையைப் பலகைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“மேல போய் உன் வேலையப் பாருடா. கீபோர்டு வேணுமா வேண்டாமா?”

மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து வாயில், தாடையில், கண்ணில். பாதிக் குத்து தரையில் விழுந்தது. கொல்லத்தான் நினைத்தேன். இதில் என்ன பொய். அக்கா பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

14-6, சனி

திருப்பூணித்துறை. ஜோஸின் தங்கை வீட்டில் நானும் அக்காவும். கீபோர்டு அங்கேயே. போகட்டும். வலது கையில் மாவுக்கட்டு. இடக்கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், “எவிடெயா வீணது?” எங்கே விழுந்தேனாம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “வீணதல்ல டாக்டரே. என்டெ பர்த்தாவை அடிச்சதாணு.”

பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாக:

“நல்லா பட்டுச்சாடா அவருக்கு?”

“பட்டுச்சுக்கா.”

“நான் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாது.”