கேட்ட கேள்விக்கு மட்டும்

ஹாரோ துறை, மேய்ன்
6 மார்ச் 1978

அன்புள்ள எல்சி,

நலம்தானே? இங்கே கடல் மூடுபனி படியேறி, சமையலறை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. நேற்றும் உன் அத்தான் லைல் கனவில் வந்தார். விமானத்தை விரிகுடாவில் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, நனையாத காலோடு உள்ளே வந்து, "கோரா, காபி இருக்கா?" என்றார். இத்தனை வருஷம் எங்கே போனீர்கள் என்று கேட்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

லாவோஸுக்கு அரசாங்க வேலையாக விமானம் ஓட்டப் போன மனுஷன், அங்கே எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று மீன்கடையில் பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு நல்ல செய்தி. உங்கள் உளவு நிறுவனத்தைக் கண்காணிக்கும் குழுவில் நம் செனட்டர் இருக்கிறாரே, அவருக்கு எழுதினேன். குழுவே உங்களைக் கேட்கப்போகிறதாம். "லைல் பெக்கெட் உங்கள் ஊழியரா?" கேள்வியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நீ அங்கேதானே இருக்கிறாய், சீக்கிரம் பதில் வரப் பண்ணடி.

உன் அக்கா
கோரா

வர்ஜீனியா
15 மார்ச் 1978

அன்புள்ள அக்கா,

என் வேலையைப் பற்றி எழுதக்கூடாது என்று தெரிந்தும் கேட்கிறாய். குழுவின் கடிதங்களுக்குப் பதில் தயாரிக்கும் அறையில் இருக்கிறேன், அவ்வளவுதான் சொல்லலாம். ஜன்னல் இல்லாத அறை. மதியமா மாலையா என்பதே மறந்து, நீருக்கடியில் நடப்பதுபோல் இருக்கும்.

எங்கள் தலைவர் புதிதாக வருபவர்களிடம் சொல்வார்: "கதவு திறந்திருக்கான்னு கேட்டா ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. பின்வாசலைப் பத்தி அவங்க கேக்கல." ஒரு பதில் ஐந்து மேசை தாண்டிப் போகும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் இளைக்கும். கடைசியில் மிஞ்சுவதில் பொய் ஒன்றும் இருக்காது அக்கா.

வேளைக்குச் சாப்பிடு. வழக்கம்போல ஆகஸ்டில் வருகிறேன்.

உன் தங்கை
எல்சி

ஹாரோ துறை
20 ஏப்ரல் 1978

எல்சி,

பதில் வந்துவிட்டது. "அப்பெயருடையவர் எக்காலத்திலும் இந்நிறுவனத்தின் ஊழியராக இருந்ததில்லை." ஒரே வரி.

ஆக, ஊர் சொன்னதுதான் நிஜம். அரசாங்க வேலை என்று என்னிடம் புளுகிவிட்டு ஓடியிருக்கிறார். இலவு காத்த கிளியாக ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேனே! அவருடைய ஸ்வெட்டர்களை எல்லாம் இறால் பிடிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கைவிட்டுப் போனவர் என்று எழுதிக் கொடுத்தால் விவாகரத்து சுலபம் என்கிறார் வக்கீல். மே முதல் தேதி கையெழுத்துப் போடுகிறேன்.

கனவும் வருவதில்லை. தூக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

கோரா

வர்ஜீனியா
25 ஏப்ரல் 1978

அக்கா,

கையெழுத்துப் போடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், காரணம் மட்டும் கேட்காதே.

உன்னிடம் சொல்லக்கூடாததை, அதைக் கேட்க அனுமதி உள்ளவரிடம் சொல்லிவிட்டேன். குழுவின் வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். "நீங்க கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொன்னோம். கேள்விதான் சரியில்ல" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "அப்ப எப்படிக் கேக்கணும்?" "ஊழியரான்னு கேக்காதீங்க. யார் காசுல பறந்தார்னு கேளுங்க."

பின்வாசலைக் காட்டிக் கொடுத்தவள் என்று அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை முதல் பழைய கோப்புக் கிடங்கில் வேலை. பரவாயில்லை. பொறுத்திரு அக்கா.

எல்சி

ஹாரோ துறை
12 ஜூன் 1978

எல்சி,

நீ கேட்டபடி கையெழுத்துப் போடாமல் இருந்தேன். நேற்று உங்கள் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. லைல் கிளம்பிப் போன அந்த இலையுதிர் காலத்திலேயே, ஒரு மலையில் விமானம் மோதி இறந்துவிட்டாராம். பெயருக்கு ஒரு தனியார் விமானக் கம்பெனி, பணமெல்லாம் உங்கள் நிறுவனத்துடையது. அவர் ஓடிப்போகவில்லை. என்னிடம் பொய்யும் சொல்லவில்லை. வாய்விட்டு அழுதேன். செத்த செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர்களில் இளையவன் கிளம்பும்போது, "அந்த முதல் பதிலை எழுதினது யாருப்பா?" என்று கேட்டேன். பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான்.

உறவுக்காரர் விஷயம், என்னால் முடியாது என்று நீ விலகியிருக்கலாமே எல்சி. எல்லாம் தெரிந்து உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறாய். அதை நம்பி என் புருஷனை வாயாரச் சபித்தேன். அந்த வரியைத் திருத்த வேலையைப் பணயம் வைத்தவளும் நீதான். எதை நினைத்து உன்னோடு பேசுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் வரட்டுமா என்று கேட்டு எழுதாதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் எழுதுவேன். கேட்காமல் வந்து நின்றால் என்ன செய்வேனோ, எனக்கே தெரியாது.

கோரா