படித்துறை மணியின் டிரைவர்

இடி விழுந்து போன வெள்ள எச்சரிக்கைப் பெட்டிக்குப் பதிலாக, கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் இன்று காலை புதுப் பெட்டியை மாட்டினோம். மணியை இயக்க நீ எழுதிய டிரைவர் மென்பொருள் அதில் ஏறவில்லை. மடிக்கணினித் திரையில் சிவப்பாக ஒரு பிழை வந்தது. உன்னிடம் காட்டலாம் என்று ஒரு கணம் திரும்பினேன். பிறகுதான் நினைவு வந்தது.

நம் டிரைவர், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு வெளியே இருப்பது. உள்ளே ஒரு ஃபங்ஷனை, நம் டிரைவர் அழைக்கும் நிரல்துண்டை, மாற்றுகிறவர்கள் நம்மிடம் சொல்வதில்லை. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மணி அடிப்பது இந்த டிரைவரால்தான். மலையில் மழை தொடங்கிவிட்டது. கீழ்ப்படியில் இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “கர்னல் வெர்ஷன் நம்பர் பழசுதான காட்டுது? அப்பம் பெட்டிதான் கோளாறு. திருப்பி அனுப்பிருவோம்மா.”

அனுப்பினால் மழை முடியும்வரை மணி இருக்காது.

பெட்டி விற்பவர்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே புது ஃபங்ஷன்களை உள்ளே சேர்ப்பார்கள் என்று கண்டுபிடித்தது நீ. “கதவுல அதே நம்பர்தான் இருக்கும். உள்ள குடி மாறியிருக்கும்லா? தட்டிப் பாருட்டி” என்பாய். எண்ணைப் பார்த்து முடிவெடுத்த வரிகளையெல்லாம் நீக்கினாய். அந்த இடங்களில் ஃபங்ஷனைப் புது முறையில் அழைக்கும் ஒரு துணுக்கை முதலில் கம்பைல் செய்து, கணினி ஏற்கிறதா என்று பார்க்க வைத்தாய். தேறினால் புது வழி, தேறாவிட்டால் பழைய வழி. ஓரிடம் மட்டும் மிஞ்சியது. “நாளைக்கு வந்து மாத்துதேன்” என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

பிழை அந்த இடத்தில்தான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கூட்டங்களில் என்னை இடிப்பாயே, அது ஞாபகம் வந்தது. “பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மத்தியானம் வரைக்கும் பொறுங்க” என்றேன். அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உன் வழியிலேயே மாற்றினேன். டிரைவர் ஏறியது. உணர்கருவியைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். மணி அலறியது.

“எவட்டி அவ, காது போவுது!” என்று கீழிருந்து ஒருத்தி கத்தினாள். துணியை வாரிக்கொண்டு இருவரும் மேலே ஏறினார்கள்.

டிரைவரின் விவரத்தில் எழுதியவர் என்று உன் பெயர் மட்டும் இருந்தது. என் பெயரையும் போடச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாய். இன்று உன் பெயருக்குக் கீழே அதைச் சேர்த்தேன். அடுத்த கர்னலில் உடைந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே.