செருப்புத் தேர் ஓடியது, மாமி

என் அன்பான வாய்க்காரி மாமிக்கு,

இந்த வருடத் தேர் சுகமாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் பொறுமையாகக் கேட்கமாட்டீர்கள். போன ஞாயிறு, நல்ல வெயில், கொள்ளாத சனம். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. என் திட்டம் வென்றுவிட்டது, மாமி.

பல்கலைக்கழகத்தில் நான் செய்கிற ஆராய்ச்சியை நீங்கள் வீட்டில் ஒருநாளும் மதித்ததில்லை. "சனம் கூடினா எப்பிடி நடக்கும் எண்டு பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ பிள்ளை?" என்பீர்கள். ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் "என்ர மருமகள் சனநெரிசலுக்கு டொக்டர்" என்று அளந்துவைத்திருந்தீர்கள். அங்கே கறிவேப்பிலை வாங்கப் போன என்னிடம் ஒரு அம்மா மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்.

போன வருடம்தான் கோயில்காரர் முதல்முறையாக என்னை நம்பித் தேர்ச் சனத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தந்தார்கள். முன்வாசலால் உள்ளே, பின்வாசலால் வெளியே, எதிரும் புதிருமாக யாரும் வரக்கூடாது. கணினியில் அழகாகத்தான் ஓடியது. ஆனால் தேர் திரும்பி வந்து, உள்ளே கடைசிப் பூசை முடிந்ததும், சனம் முழுக்க முன்வாசலுக்கே திரும்பிவிட்டது. மூச்சுவிட இடமில்லை. தலைவர் தியாகு அண்ணை ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போனார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தேர் வீதிக்கு இறங்க அனுமதி இல்லை என்று நகரசபை சொல்லிவிட்டது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை என்று அறிக்கையில் எழுதினேன்.

அன்று பின்னேரம் நீங்கள் மணிக்கட்டில் கட்டோடு இருந்தீர்கள். "பேஸ்மென்ட் படியில தடக்கிப்போட்டுது. நீ உன்ர அலுவலைப் பார்" என்றீர்கள். நானும் என் அலுவலைப் பார்த்தேன்.

மாசியில் உங்கள் இதயம் நின்றுபோனது. சித்திரையில், கோயில் கூரையிலிருந்து எடுத்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு மாம்பழநிறச் சேலை சனத்தை எதிர்த்துப் போகிறது. உங்கள் சேலை. தள்ளுப்பட்டு விழுகிறீர்கள். இரண்டு பேர் தூக்கிவிடுகிறார்கள். கையைப் பொத்திப் பிடித்தபடி திரும்பவும் முன்வாசலுக்கே போய், செருப்பைத் தேடிக் காலில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறீர்கள்.

கதிரையில் இருந்தபடியே அழுதேன். மருமகளின் பெயர் கெடக்கூடாது என்று பெற்ற மகனுக்குக்கூடப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மா அப்பிடித்தான்" என்றார். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே மாமி?

அழுது முடிந்த பிறகுதான் புத்தி வந்தது. எல்லாரும் செருப்பை முன்வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்கள். எத்தனை வாசலைத் திறந்துவிட்டாலும் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு யார் காருக்கு நடப்பார்கள்? நான் பக்கக் கதவால் போய்வந்தவள். என் செருப்பு அங்கேயே கிடந்தது, அதனால் எனக்கு உறைக்கவேயில்லை. எத்தனை நாடுகளின் நெரிசலைப் படித்து என்ன, சொந்தக் கோயில் வாசலைப் பார்க்கத் தெரியவில்லை.

செருப்பை ஆளுக்கொரு பையில் போட்டு உள்ளே கொண்டுபோகலாம் என்று கோயில் சபையில் சொன்னேன். "செருப்போட சாமிக்கு முன்னால போறதோ?" என்று தியாகு அண்ணை எழும்பிவிட்டார். அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் சனம் கடைசிப் பூசை கும்பிடும்போது, செருப்பு வெளிவீதியால் சுற்றிப் பின்வாசலுக்குப் போகட்டும் என்றேன். சில்லுப் பூட்டிய தட்டுகள், தட்டுக்கு ஒரு நிறம், அவரவர் கையில் அதே நிறத்தில் நூல்.

"செருப்புக்கும் தேரோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. இது ஓடினாத்தான் மற்றது ஓடும்."

பிறகு உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். சபை ஒத்துக்கொண்டது.

ஞாயிறு என் மாணவர்கள்தான் தட்டுகளைத் தள்ளினார்கள். சென்னையிலிருந்து படிக்க வந்திருக்கும் பெண் வோக்கிடோக்கியில், "மேடம், ரெட் கிளம்பிடுச்சு" என்றாள். உள்ளே அரோகரா, வெளியே செருப்புகள் ஊர்வலம். பூசை முடிந்தது. ஒரு ஆள் முன்வாசலுக்குத் திரும்பினால் போதும், எல்லாரும் திரும்பிவிடுவார்கள். ஒருவரும் திரும்பவில்லை, மாமி. பந்தியிலிருந்து எழும்புகிறவர்கள் போலச் சிரித்துக் கதைத்துக்கொண்டு பின்வாசலால் போனார்கள். நகரசபையிலிருந்து பார்வையிட வந்த பெண் வெறுமையாகக் கிடந்த முன்வாசலைப் படமெடுத்து, "ப்ராவோ, மடாம்" என்று பிரெஞ்சில் பாராட்டினாள். வருகிற வருடம் தேருக்குத் தடையில்லையாம். நான் அந்த வாசலில் நின்று, வெட்கமில்லாமல், இரண்டு கையையும் தூக்கிக் கூவினேன்.

போன வருட அறிக்கையைத் திருத்திவிட்டேன். காயமில்லை என்ற வரியை வெட்டி, ஒருவருக்குக் காயம், பொறுப்பு என்னுடையது என்று எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டேன். அங்கிருந்து என்னை ஏசாதீர்கள். இனி எந்தக் கூட்டம் கலைந்தாலும், விழுந்தவர் யார் என்று தேடிப்போய்க் கேட்ட பிறகுதான் எழுதுவேன். என் பெயரைக் காப்பாற்ற இனி ஒருவரும் நோவை ஒளிக்க வேண்டாம். இது சத்தியம்.

நீங்கள் பெறாமல் பெற்ற மகள்,
வதனி