மாதா பாட்டிலில் நான் ஊற்றிய மருந்து

என் செல்ல அம்மாவுக்கு,

நீங்க போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேப்பரில் உங்க படத்தோடு இரண்டு வரி போடலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் பெரியம்மா சொன்னாங்க. 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்று அவங்களே எழுதியும் வைத்திருந்தாங்க. எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்க எங்கே இளைப்பாறினீங்க? தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டு போனீங்க. அதனால் நானே எழுதுகிறேன். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் அப்பா செய்தி. அப்பா இப்போது பள்ளி வேன் ஓட்டுவதில்லை. போதைப்பொருள் கேஸ் இருக்கிறவர் வண்டியில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? கிள்ளான் பாசாரில், மீன் சந்தைப் பக்கம் பெட்டி இறக்குகிறார். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிக்கிறார். அப்படியும் மீன் வாடை போகவில்லை. உங்க படத்துக்குப் பக்கத்தில் வராமல் தள்ளியே உட்காருகிறார்.

அம்மா, உங்ககிட்ட ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்க பெரியம்மா வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போய்த் தங்கினீங்களே, அன்றைக்கு மருந்தை மறந்துவிட்டுப் போனீங்க. மத்தியானமே போன் வந்தது. "ரீத்தா, மருந்த விட்டுட்டு வந்துட்டேன்மா. இடுப்புக்குக் கீழ நெருப்ப வச்ச மாதிரி இருக்கு." தொழிற்சாலைப் படியில் விழுந்து உங்க முதுகெலும்பு உடைந்ததிலிருந்து அந்த நெருப்பு எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்தும் அணையாத நெருப்பு. ஆஸ்பத்திரி வலி கிளினிக்கில் கொடுத்த மார்ஃபின் சிரப் ஒன்றுதான் அதைக் கொஞ்சம் அடக்கும். அதைக் குடித்தால் நீங்க எழுந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பீங்க, என்னைக் கிண்டல் செய்வீங்க.

ஆஸ்பத்திரி பாட்டிலின் மூடி விரிசல் விட்டிருந்தது. அப்பா மோட்டார் சைக்கிளில் போகிறார், வழியில் ஒழுகிவிடுமே என்று பயந்தேன். அலமாரியில் மாதா பாட்டில் இருந்தது. திருத்தலத்துக்குப் போகிறவர்கள் தீர்த்தம் பிடித்து வருவார்களே, மாதா உருவத்தில், நீலக் கிரீடம்தான் மூடி. தீர்த்தம் தீர்ந்தாலும் அதை யாரும் குப்பையில் போடுவதில்லை. மந்திரித்த பொருளை எப்படிக் குப்பையில் போடுவது? நம் ஆட்கள் வீட்டில் எல்லாம் இரண்டு மூன்று சும்மா நிற்கும். சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். மூன்று நாள் மருந்தை அளந்து ஊற்றிக் கிரீடத்தை இறுக்கித் திருகினேன். மாதா பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்றுகூட நினைத்தேன்.

போகிற வழியில் ரோட் பிளாக். போலீஸ்காரர் அப்பாவின் ஜாக்கெட்டைத் தடவிப் பாட்டிலை எடுத்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். அந்தப் பாட்டிலைப் பார்த்த பழக்கத்தில் அப்பா வாயில் முதலில் வந்தது தீர்த்தம். உடனே, "இல்ல பாஸ், மருந்து. பெண்டாட்டி மருந்து" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டு பதில் சொன்னவன் பொய்யன் ஆகிவிட்டான்.

"சாமிக்குள்ளயே ஒளிச்சிருக்கியா? கெட்டிக்காரன்லா நீ" என்றாராம் அந்தப் போலீஸ்காரர். அப்பா இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்ப்பார். பாதியில் நின்றுவிடும்.

பெரியம்மா உங்க ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாங்க. அட்டையில் இருப்பது உங்க பெயர், பிடிபட்டது வேறு ஆள், பாட்டிலில் லேபிளும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். "நீ குடிக்கறதில்ல. அப்ப விக்கறவன்தானே?" என்று கேட்டார்களாம். குடித்திருந்தாலும் குற்றம், குடிக்காவிட்டாலும் குற்றமா? வலியில் துடிக்கிற மனைவிக்கு மருந்து கொண்டுபோகிறவன் என்று ஒரு ஆள் இருக்கவே முடியாதா?

அப்பா லாக்கப்பில் இருந்த நாளில் நீங்க வீட்டுக்குத் திரும்பி வந்து செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. "அந்த மனுசன் உள்ள கெடக்கறப்ப இது என் தொண்டையில எறங்குமா?" என்று சொல்லி, மிச்ச மருந்தையெல்லாம் சிங்க்கில் கொட்டினீங்க. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் உங்க கையைப் பிடிக்கவில்லை?

அப்பா ஜாமீனில் வந்தார். கேஸ் நடப்பதைக் கேள்விப்பட்ட டாக்டர், கவனமாக இருக்க வேண்டும் என்று அளவைப் பாதியாகக் குறைத்தார். நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. வெங்காயம் உரித்த கை கட்டிலோடு போனது. படுத்தே கிடந்து நெஞ்சில் சளி கட்டியது. இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதியிருக்கிறது. வலி என்று எங்குமே இல்லை, அம்மா. பயம் என்றும் இல்லை.

கட்டிலில் படுத்தபடியே அப்பாவைத் திட்டுவீங்களே, ஞாபகம் இருக்கிறதா? "எந்தப் புத்தி கெட்டவன் மருந்த மாதா பாட்டில்ல ஊத்துவான்?" அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்தப் புத்தி கெட்டவள் நான். "நான்தான் ஊத்தினேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத. ஒரு வீட்டுல ஒரு கேஸ் போதும்" என்று அப்பா எனக்குக் கட்டளை போட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குக் கஷ்டமா? தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட விரலைக் காட்டி வாங்கி வருகிறவள்தானே.

போன மாதம் மறுபடி கோர்ட். எத்தனையோ முறை போயாகிவிட்டது. ஒரு நாள் ரிப்போர்ட் வரவில்லை, இன்னொரு நாள் ஆள் வரவில்லை என்று தேதி மாறிக்கொண்டே இருக்கிறது. வராந்தாவில் அப்பா நம் வக்கீல் அக்காவிடம், "ஒத்துக்கிறேன்மா. முடிஞ்சா போதும்" என்றார்.

"அண்ணே, செய்யாத குத்தத்த எதுக்கு ஒத்துக்கணும்? உள்ள போட்டா புள்ள தனியா இருக்குமே."

"தேதி மாத்தி மாத்தியே என்னக் கெழவனாக்கிட்டாங்கலா. உள்ள போனா மீன் வாடையாவது போகும்."

வக்கீல் அக்கா சிரிக்கவில்லை. நானும்தான்.

உள்ளே மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார். மேசையில் நம் மாதா பாட்டில் இருந்தது, அம்மா. பிளாஸ்டிக் பைக்குள், கழுத்தில் நம்பர் அட்டை கட்டி. ஒத்துக்கொள்கிறீரா என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் ஊத்தினேன். அப்பா இல்ல. அது எங்கம்மா மருந்து."

எல்லாரும் திரும்பினார்கள். பெண் போலீஸ் ஒருவர் வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தார். வக்கீல் அக்கா உடனே எழுந்து அவகாசம் கேட்டாங்க. அப்பா ஒத்துக்கொண்டதாக எதுவும் பதிவாகவில்லை. விசாரணைக்கு இன்னொரு தேதி.

வெளியே வந்ததும் அப்பா அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கின கையை அப்படியே என் தலையில் வைத்தார். "உங்கம்மா வாய் உனக்கும் வந்துருச்சுலா" என்றார். அன்றைக்கு வீட்டில் உங்க படத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று வக்கீல் அக்கா சொல்லிவிட்டாங்க. என் மேலும் கேள்வி வரலாமாம். "பயமா இருக்கா?" என்றாங்க. ஆமாம் என்றேன். "அப்ப வேணாமா?" வேணும் என்றேன்.

இப்போது தினமும் உங்க கட்டிலுக்கு எதிரே நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். மேல் வீட்டு ஆன்டி, யாரோடு சண்டை என்று கேட்கிறார்.

அம்மா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கூண்டில் நின்று, கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். யாருக்கு எந்த வலிக்கு ஏன் ஊற்றினேன் என்று முழுவதும் சொல்வேன். கேஸ் முடிந்ததும் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கேட்பேன். இல்லை என்றால் மறுபடியும் கேட்பேன். கழுவி, தீர்த்தம் நிரப்பி, கல்லறைத் திருநாளுக்கு அப்பாவோடு உங்ககிட்ட கொண்டு வருவேன். அப்போது நீங்க என்னைத் திட்டலாம். அப்பாவைத் திட்டக் கூடாது.

மருந்தை அளந்து ஊற்றிய,
உங்க ஒரே மகள்,
ரீத்தா
கிள்ளான்