சோய்-ஹாவிடம் திருப்பிக் கேட்பது

மார்ச் 4, திங்கள்
மூன்று மாதம் கழித்து சோய்-ஹா மேடம் சூதாட்ட விடுதியில் என் மதிய நேரப் போக்கர் மேசைக்கு வந்தார். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர். வலது கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. போக்கரில் பந்தயச் சில்லுகளை ஒரே தள்ளலில் வைக்க வேண்டும். இரண்டாவதாகத் தள்ளியது செல்லாது. தொகையை முதலில் வாயால் சொல்லிவிட்டால் எப்படி வைத்தாலும் சரி. கையும் வாயும் இப்படியென்றால் என்ன செய்வார்? மீன்கடையை மகனிடம் விட்டபின் இந்த நாற்காலிதான் அவருக்கு வெளியுலகம்.

மார்ச் 7, வியாழன்
"அஞ்சு" என்றார். ஐந்நூறா, ஐயாயிரமா? தெளிவில்லை என்றால் குறைந்த தொகைதான் செல்லும். திருப்பிக் கேட்டேன். எதிரே ஆடிய குவான் உச்சுக் கொட்டினான். மேடத்தின் காது சிவந்துவிட்டது.
இனி கேட்கக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக டீலராக அவருக்குச் சீட்டுப் போடுகிறேன், அவர் மனசு எனக்குத் தெரியாதா?

மார்ச் 12, செவ்வாய்
கேட்கவே இல்லை. மேடத்தின் தொகையை மூன்று முறையும் சரியாக அறிவித்தேன். கொஞ்சம் கர்வம்கூட.

மார்ச் 15, வெள்ளி
கெடுத்துவிட்டேன். மேடம் ஏதோ சொல்ல, "எல்லாத்தையும் வைக்கிறாங்க" என்று அறிவித்தேன். குவான் உடனே சீட்டைத் திறந்துவிட்டான். அவர் சொன்னதோ, அவன் பந்தயத்துக்குச் சமமாக வைக்கிறேன் என்பதை மட்டும். மேற்பார்வையாளர் ஹோய் வந்து, டீலர் சொன்னது ஆட்டக்காரர் சொன்னதாகாது என்று தீர்த்துவைத்தார். வாய் வராதவர்களை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று குவான் கத்தினான். இன்னொரு முறை நடந்தால் மேடத்தை வரவேண்டாம் என்று சொல்லவேண்டியிருக்கும் என்றார் ஹோய்.
போகும்போது மேடம் என்னிடம் நின்றார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.
"அவன் பேசினது வலிக்கல, பொங். எனக்காக நீ பேசினியே, அதான். புரியலன்னா கேளு. நூறு தடவ கேளு."
நான் ஏன் கேட்கவில்லை? அவருக்காகவா, என் சங்கடத்துக்காகவா?

மார்ச் 18, திங்கள்
என் மேசையில் யார் தொகை சொன்னாலும் திருப்பிக் கேட்பேன் என்று ஹோயிடம் சொன்னேன். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.
குவான் கைபேசியைப் பார்த்தபடியே "மூணு" என்றான். "முந்நூறா, மூவாயிரமா?" என்றேன். விழித்தான். சோய்-ஹா மேடம் நிதானமாக, "மெதுவா சொல்லுங்க தம்பி, அவருக்கு அவசரமில்ல" என்றார். மேசையே சிரித்தது, குவானும்தான்.

மார்ச் 25, திங்கள்
வாரம் முடிந்தது. ஹோய் நிறுத்தச் சொல்லவில்லை. மேடம் அதே நாற்காலியில்.

மார்ச் 29, வெள்ளி
பேருந்து நிறுத்தத்தில் மேடம் ஏதோ சொன்னார். பழக்கதோஷம், தலையாட்டினேன்.
"நான் என்ன சொன்னேன், சொல்லு?"
தெரியாது. கேட்டேன்.
"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரியா?"
ஆட்டக்காரர் வீட்டில் டீலர் சாப்பிடக் கூடாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஐம்பத்தாறு வயதில்.

ஏப்ரல் 2, செவ்வாய்
மேடத்தை வெளியிலும் தெரியும் என்று எழுதிக் கொடுத்து, வேறு தளத்துக்கு மாற்றல் கேட்டேன். அங்கே பக்காரா என்ற சீட்டாட்ட மேசைகள். பந்தயத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. "உனக்குப் பொழுது போகாதேப்பா" என்றார் ஹோய். எனக்குப் பதில் வருபவரிடம், எல்லாரையும் திருப்பிக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு
அவள் வீட்டில் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன். அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள். புரியவில்லை என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் புரியவில்லை என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். உப்புப் போதுமா என்றுதான்.
"போதும், சோய்-ஹா" என்றேன். மேடம் என்று வாயில் வரவில்லை.