மெய்யாகவே

1973 ஏப்ரல் 12, வியாழன்

சோதிர் இன்று தன் அப்பாவுக்குச் சவரம் செய்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாக வேண்டும். தாடி தெரிந்தால் கோர்ச்சா ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ஆறு வருடம் முன்பு மதத்துக்கே அரசு தடை போட்டபோது, சதுக்கத்தில் நாற்காலி போட்டு, ஊரே பார்க்க, பாதிரியாராக இருந்த என் மாமனார் லாசரின் தாடியை மழித்தார்கள். அவருடைய கோயில் இப்போது சிமெண்ட் கிடங்கு. மாமாவுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. பிளேடு பட்டதும், "யாருக்குடா கல்யாணம்?" என்று கேட்டார்.

என் பெயர்கூடச் சில நாள் மறந்துவிடுகிறது. ஆனால் நிலவைப் பார்த்து, ஈஸ்டர் என்றைக்கு என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறார். இந்த வருடம் ஏப்ரல் 29.

அன்று காலை ஜன்னலைத் திறந்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று தெருவுக்குச் சொல்வார். ஆயுள் முழுக்கச் சொன்ன வாய். இப்போது அதற்குச் சிறை. போன வருடம் சோதிர் கையால் வாயைப் பொத்தினார். மாமா விரலைக் கடித்துவிட்டார்.

ஏப்ரல் 27, பெரிய வெள்ளி

மகள் திரிதாவின் பள்ளியில் இன்று வகுப்புக்கு வகுப்பு அவித்த முட்டை கொடுத்தார்கள். இன்றைய நோன்புக்கு முட்டை ஆகாது. வேறு எந்த வெள்ளிக்கிழமையும் கொடுத்ததில்லை. யார் சாப்பிடவில்லை என்று டீச்சர் நடந்து நடந்து பார்த்தாராம்.

"நான் இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னேம்மா. டீச்சர் சிரிச்சாங்க."

பத்து வயது. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறோம்.

ஏப்ரல் 28

சோதிரின் யோசனை: மாமாவின் தேநீரில் ராக்கிச் சாராயம். ஞாயிறு முழுக்கத் தூங்கட்டும்.

"அப்பாவுக்கே ஊத்திக் கொடுக்கறேன் பாரு," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 29

எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாமா மந்தமாகத்தான் விழித்தார். ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒன்பது மணி வாக்கில் தெருக் கமிட்டித் தலைவி விக்டோரி வந்தாள். மே தினத்துக்குக் கொடி கொண்டு வந்தாளாம். குப்பைக் கூடையைக் காலால் நகர்த்திப் பார்த்தாள். ஈஸ்டருக்குச் சாயமிட்ட முட்டை ஓடு தேடுகிறாள். கொடியைக் கதவுக்கு மேல் அடிக்கும்படி சோதிரிடம் கொடுத்துவிட்டு, மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான்.

அவர் காதருகில் குனிந்து, சின்னப் பெண் மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், ஐயா."

மாமா அவளையே பார்த்தார். "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது, கொடி அடிக்க சோதிர் ஏறியிருந்த ஸ்டூல் மேலிருந்து ஓர் ஆணி தரையில் விழுந்தது. அவர் உதட்டில் கவ்வியிருந்த ஆணி. கொடியையே பார்த்தபடி, திரும்பாமல், சின்ன வயதிலிருந்து பழகிய பதிலைச் சொல்லியிருந்தார்:

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்."

விக்டோரி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"நான் உங்கப்பாவைத்தானே கேட்டேன், சோதிர்."

அவள் போன பிறகு சோதிர் மண்டி போட்டு அந்த ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். "தானா வந்துடுச்சு, உரானி. தும்மல் வர்ற மாதிரி."

மே 1

ஊர்வலம் போனோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நடந்தார்கள்.

மே 3

பின்னலாலையில், மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த சோதிரைக் கூட்டிப் போய்விட்டார்கள். மேல்சட்டை ஆணியிலேயே தொங்குகிறதாம். எடுத்து வரப் போனேன். தரவில்லை.

ஜூன் 22

சினிமாக் கொட்டகையில் விசாரணை. பின்னலாலைக்கே லீவு விட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"வாய் தவறி வந்துடுச்சு," என்றார் சோதிர்.

"வெளியே வந்துச்சுன்னா உள்ளே இருந்திருக்கணுமே?" என்றார் அரசு வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் யார் என்று பார்க்க ஓர் ஆள் நின்றிருந்தான். நான் சிரித்தேனா? உதடு அசைந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

எட்டு வருடம். வடக்கே, சுரங்கத்தில்.

செப்டம்பர் 10

விக்டோரி வீட்டுக்கு வந்தாள். நான் விவாகரத்து வாங்கினால் திரிதா பள்ளியில் இருக்கலாமாம். இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் சதுப்பு நிலக் கிராமம், பண்ணை வேலை.

"உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன். கிழவரை வேணா நீயே வச்சுக்கோ."

திரிதா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "போட்டுடும்மா கையெழுத்தை."

அக்டோபர் 4

போட்டேன்.

1974 ஜனவரி 20

கம்பளிக் காலுறையும் சீனியும் எடுத்துக்கொண்டு, லாரியில் இடம் கேட்டு, சிறை வாசல் வரை போனேன். பனி.

"நீ அவனுக்கு யாரு?" என்றான் காவலாளி.

மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இந்த வருடம் ராக்கி ஊற்றவில்லை. ஊற்றத் தோன்றவே இல்லை.

மாமா தானாக எழுந்து முகம் கழுவினார். நல்ல தெளிவு. மேஜைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், உரானி," என்றார். என் பெயரோடு.

திரிதா எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடுங்க மாமா. ஆறிடப் போகுது."

அவர் கரண்டியைத் தொடவில்லை. இன்னொரு முறை சொன்னார். நான் ரொட்டியை அறுத்தேன். மூன்றாவது முறையும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அப்புறம் என்மேல் கோபமே இல்லாமல் வாசல் பக்கம் கை காட்டினார்.

"சோதிரைக் கூப்பிடும்மா. அவன் சொல்லுவான்."