சமவெளிக்கு வந்த குடும்பம்

டேட்டன், ஒஹையோ
26 ஆகஸ்ட் 1956

அன்புள்ள டெல்மர்,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பிள்ளைகளில் ராய்ஸ் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இமோஜீன் ஒஹையோ ஆற்றைத் தாண்டும்வரை அழுதாள், தாண்டியபிறகு தூங்கிவிட்டாள். இங்கே வேலைக்கு வந்த நம் ஊர்ப் பர்ல் தன் காரை எங்களுக்காக மெதுவாகத்தான் ஓட்டினான். "மூட்டை ஏத்த ஒரு கை கூடக் கொடுக்கமாட்டேன்" என்று சொன்ன நீ, கார் மேல் கட்டிய கயிற்றை மட்டும் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஒரு முடிச்சும் அவிழவில்லை.

வீடு கிடைத்துவிட்டது. அது ஒரு கதை. பர்ல் காட்டிய தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும், நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும், "இப்பதான் ஒருத்தர் பேசிட்டுப் போனாங்க" என்று சாத்திவிட்டார்கள். கடைசி வீட்டில் ஜன்னலிலேயே போர்டு: மலைக்காரர்களுக்கு வாடகைக்கு இல்லை. அந்தக் கதவைத் தட்டினேன். கெஸ்லர் என்று ஒரு ஜெர்மன்கார அம்மாள், கணவர் இல்லாதவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, போர்டு படிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. அதான் தட்டினேன். மத்தவங்க முகத்தைப் பார்த்துட்டுப் பொய் சொல்றாங்க. நீங்க முன்னாடியே உண்மையச் சொல்லிட்டீங்க. உங்ககிட்ட பேசலாம்னு தோணுச்சு."

"உங்க ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரி. வெள்ளிக்கிழமை ஆனா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு ஓட்டம். ஒருநாள் போனவங்க திரும்பியே வரமாட்டாங்க. இங்க குழாய் உறைஞ்சு வெடிச்சுக் கிடக்கும்."

"நான் ஓடமாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"அவங்ககிட்ட அவங்க வார்த்தையைக் கேளுங்க. இது என் வார்த்தை."

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. போர்டு இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. அதற்குக் கீழேதான் நாங்கள் தினமும் போய் வருகிறோம்.

கோபமாக இருப்பாய். இருந்துகொள். ஆனால் சாப்பிடு. மாட்டைக் கறக்க மறக்காதே, அது உன்னைப்போல் வீம்பு பிடிக்காது, கத்தும்.

உன்,
வெர்னா


பிரஷி கிரீக், கென்டக்கி
3 செப்டம்பர் 1956

வெர்னா,

கடிதம் கிடைத்தது. மாடு நலம். நானும் இருக்கிறேன்.

அங்கே மலையே இல்லை என்று பர்ல் சொன்னான். சாயங்காலம் சூரியன் எங்கே போய் மறையும்? அசிங்கமாக எல்லார் கண்முன்னாலேயும்தான் விழவேண்டும்.

நிலக்கரிச் சுரங்கம் மறுபடி திறக்கும். நான் சொல்வதை நீ நம்பமாட்டாய். கண்காணிப்பாளர் நேற்று கடையில் என்னைப் பார்த்து, "டெல்மர், உன் விளக்கைத் துடைச்சு வை" என்றார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். நம் காடில் குடும்பத்து ஆண்கள் மூன்று தலைமுறையாக அந்த மலைக்குள் போய் வந்திருக்கிறோம். இரண்டு மாதம் வாசலை அடைத்ததற்காகப் பெண்டாட்டியே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஊரைவிட்டு ஓடின முதல் வீடு நம்முடையதுதான் என்று இங்கே பேசுகிறார்கள். 

பர்ல் வெள்ளிதோறும் வருகிறான். காரில் இடம் இருக்கிறது. அந்தக் கிழவிக்குக் கொடுத்த வார்த்தை பெரிதா, உன் புருஷன் பெரிதா? வெள்ளிக்கிழமை வா. ஞாயிறு வேண்டுமானால் போ.

சோளரொட்டி சுட்டேன். அடி கருகிவிட்டது, நடு வேகவில்லை. எப்படி இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று தெரியவில்லை.

டெல்மர்


டேட்டன்
23 செப்டம்பர் 1956

அன்புள்ள டெல்மர்,

அடுப்பின் காற்றுக்கதவைப் பாதி மூடவேண்டும். முழுக்கத் திறந்துவைத்தால் அப்படித்தான் ஆகும்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. குளிர்பெட்டி செய்கிற தொழிற்சாலை. கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுகிற இடத்தில் நிற்கிறேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது, சாயங்காலம் பொத்தான் போட இமோஜீன் வரவேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

ராய்ஸ் சமாசாரம் சொல்லவேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டுபோய் மூன்றில் உட்காரவைத்துவிட்டார்கள். கேட்காமலேயே. பையன்கள் "மலைக்காட்டான், மலைக்காட்டான், வீட்டுல செருப்பு இருக்காடா?" என்று பின்னாலேயே வருகிறார்களாம். ஒருத்தனுக்கு மூக்கில் ஒரு குத்து கொடுத்திருக்கிறான். நான் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் சின்னப் பெண், நல்ல முகம்தான்.

"அவன் பேசுறது எங்க யாருக்கும் புரியலைங்க" என்றாள்.

"அவன் படிக்கிறது புரியுதான்னு பாருங்க" என்றேன். "நாலாம் வகுப்புப் புஸ்தகத்தைக் கொடுங்க."

ராய்ஸ் எழுந்து நின்றான். காதெல்லாம் சிவந்துபோய் ஒரு பக்கம் படித்தான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. டீச்சர் தானே பக்கத்தைத் திருப்பி, "இன்னும் படி" என்றாள். திங்களிலிருந்து நாலாம் வகுப்பு.

இப்போது வெள்ளிக்கிழமை பற்றி. சாயங்காலம் இந்தத் தெருவில் வந்து நின்று பார் டெல்மர். வரிசையாகக் கார்கள், கூரையில் மூட்டை, எல்லாம் தெற்கே பார்த்து. ஞாயிறு ராத்திரி திரும்பிவந்து திங்கள் காலை வேலையில் தூங்கிவழிகிறார்கள். வருஷக்கணக்காக இங்கே இருக்கிற பெண்கள் கூட இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கேயும் ஒரு சிநேகிதம் இல்லை, அங்கேயும் இல்லை. என் பிள்ளைகளை அப்படிக் காரில் வளர்க்கமாட்டேன்.

போனவாரம் இமோஜீன் தன் பையைத் தூக்கிக்கொண்டு பர்ல் காரில் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீ வராட்டா போ, நான் அப்பாகிட்டப் போறேன்" என்றாள். கையைப் பிடித்து இறக்கினேன். தெருவே பார்த்தது. இன்னும் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் தம்பியிடம் சொல்லி என்னிடம் கேட்கவைக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். நீ வா. எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள். கட்டிலில் சுவர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

வெர்னா


டேட்டன்
21 அக்டோபர் 1956

டெல்மர்,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய். ராய்ஸ் உன்னைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய் எல்லாப் பையன்களுக்கும் காட்டினான். இமோஜீன் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தாள், உன்னைப் பற்றிப் பேசவாவது ஆள் வேண்டுமே என்று. புதன்கிழமை வேலை கேட்டுப் போனாய். "என்ன சொன்னாங்க?" என்றேன். "பார்ப்போம்னாங்க" என்றாய். ராய்ஸும் என்னவோ கேட்டான், அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்விட்டாய். வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது உன் பை இல்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் நான் வேலையிலும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறாய். கெஸ்லர் அம்மாள் மாடிப்படியில் நின்றார். "உன் வீட்டுக்காரர் காலைல இந்த ஆடுற படியைச் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுஷன். ஆனா ஏன் கண்ணெல்லாம் அப்படிச் சிவந்திருந்துச்சு?" என்றார். 

ராய்ஸ் வந்ததும் வீடு முழுக்கத் தேடினான். "அப்பாவுக்கு ஊருல இருந்து அவசரமா ஆள் வந்துச்சுடா" என்றேன். உனக்காக ஒரு தடவை பொய் சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை சொல்லமாட்டேன்.

வெர்னா


பிரஷி கிரீக்
11 நவம்பர் 1956

வெர்னா,

பர்லிடம் உலர்ந்த ஆப்பிளும் ஒரு ஜாடி சோளப்பாகும் கொடுத்திருக்கிறேன். பன்றி வெட்டியதில் ஒரு தொடை புகையில் தொங்குகிறது, கிறிஸ்துமஸுக்குள் தயாராகிவிடும், அதையும் அனுப்புகிறேன்.

அந்த ஊர்க்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிலக்கரித் தூசியில் முட்டாத மூச்சு அங்கே முட்டியது. வேறொன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குக் குளிர்கோட்டு வாங்கு.

டெல்மர்


பிரஷி கிரீக்
17 பிப்ரவரி 1957

அன்புள்ள வெர்னா,

திறந்துவிட்டார்கள்! வியாழக்கிழமை கண்காணிப்பாளரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். முதல் ஷிப்டில் என் பெயர். நான் சொன்னேனா இல்லையா? கடையில் எல்லாரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். வாசலில் கிடந்த துருப்பிடித்த வண்டிகளை எண்ணெய் போட்டு உருட்டும்போது பெரிய ஆண்பிள்ளைகள் கூட விசிலடித்தார்கள்.

இனி நீ ரப்பர் ஒட்டி விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டேன். பிள்ளைகள் அறைக்குப் புதுப்பலகை போட்டிருக்கிறேன். அந்த அம்மாளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வா. போனதில் தப்பில்லை, அப்போது வேலை இல்லை. இப்போது இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை பர்ல் காரில் மூன்று பேருக்கும் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் டெல்மர்


டேட்டன்
24 பிப்ரவரி 1957

அன்புள்ள டெல்மர்,

நீ சொன்னதுதான் நடந்தது. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். உன் சந்தோஷம் எழுத்திலேயே தெரிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, உன் முகத்தை நினைத்து.

பர்ல் வந்து நின்றான். நாங்கள் ஏறவில்லை. ஏன் என்று உனக்கு நான் சொல்லியே ஆகவேண்டும். போன வருஷமே சொல்லியிருக்கவேண்டும், தைரியம் வரவில்லை.

சுரங்கம் மூடியதால் நான் கிளம்பவில்லை டெல்மர். அது மூடியதால்தான் என்னால் கிளம்ப முடிந்தது.

சுரங்கத்தில் விபத்து என்று நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதும்போது நீ உள்ளே இருப்பாய். வெளியே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் பெண்கள் வாசலுக்கு வருவோம். யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். ஒவ்வொருத்தியும் மனதுக்குள், நம் வீடாக இருக்கக்கூடாது என்று வேண்டுவோம். அப்படி வேண்டினால் அது பக்கத்து வீடாக இருக்கட்டும் என்று வேண்டுவதுதானே? இரண்டு வருஷம் முன்னால் அப்படி ஊதியபோது இமோஜீன் அடுப்பிலிருந்து பீன்ஸை இறக்கிவைத்துவிட்டு, நான் சுரங்கத்துக்கு ஓட என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். பதினொரு வயது. ஒருத்தரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நம்மைப் பார்த்தே கற்றிருக்கிறாள். அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டு வந்தாய், பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. அன்றைக்கே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

இங்கேயும் சங்கு ஊதுகிறது. முதல் வாரம் அதைக் கேட்டு ரப்பரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்தில் நிற்கிறவள் கையைப் பிடித்து, "எங்க ஓடுற? சாப்பாட்டு மணிதானே!" என்றாள். இப்போது அது ஊதினால் பசிக்கிறது. அவ்வளவுதான் டெல்மர் எனக்கு வேண்டியது.

இமோஜீனிடம், "அப்பா கூப்பிடுறாரு, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். மறைக்கவில்லை.

"நீ போறியா?"

"இல்ல."

"அப்ப என்னை ஏன் கேக்குற?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து வந்து, "பள்ளிக்கூட நாடகத்துல எனக்குப் பாகம் குடுத்திருக்காங்க. நான் பேசுறது மாதிரியே பேசச் சொல்லிட்டாங்க. ஆனா அப்பா பார்க்கணும்" என்றாள்.  

உன்னை நான் விட்டுவிடவில்லை. ஆனால் திரும்பியும் வரமாட்டேன், இந்த வெள்ளியும் இல்லை, எந்த வெள்ளியும் இல்லை. ஏப்ரல் வெயில் வந்தால் பிள்ளைகளைப் பார்க்க நீ வரலாம். என் புருஷனாக வந்தால் பெட்டியோடு வா. விருந்தாளியாக வந்தால் சொல்லிவிட்டு வா, சொல்லிவிட்டுப் போ.

வெர்னா


பிரஷி கிரீக்
24 மார்ச் 1957

அன்புள்ள வெர்னா,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போய் வந்தேன், போய் வந்தேன். கோபமாகத்தான் இருந்தேன். பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாசல்களைப் பார்த்தேன். வழக்கமாக நான் பார்ப்பதில்லை, நேரே குளிக்கத்தான் போவேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பெருக்குகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பெருக்கிய வாசலையே பெருக்கிக்கொண்டு. தன் ஆள் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நம் வாசலில் யாரும் இல்லை. முதலில் அது என்னை வருத்தியது. வீடு சேர்வதற்குள் அது எனக்கு நிம்மதியாகிவிட்டது. நீ அங்கே எதற்கும் காத்து நிற்கவில்லை என்பது.

அக்டோபரில் நான் ஏன் போனேன் என்று நீ திருப்பிக் கேட்கவே இல்லை. சொல்கிறேன்.

வேலை கேட்கிற ஜன்னலில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான். சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். சொன்னேன். உள்ளே திரும்பி, "ஏய், இங்க வாங்கப்பா, இவரு பேசுறதக் கேளுங்க!" என்றான். இரண்டு பேர் வந்தார்கள். "இப்ப சொல்லுங்க." மூன்றாவது தடவையும் சொன்னேன் வெர்னா. அவர்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என் அப்பாவுடைய பெயருக்கு, என் ஊர்ப் பெயருக்கு, நானே சிரித்தேன்.

அன்று சாயங்காலம் ராய்ஸ் கேட்டானே, அது இதுதான்: "அப்பா, உன்னைப் பார்த்து யாராவது சிரிச்சாங்களா?" "யாரு சிரிப்பா?" என்றேன். "நான் ஒருத்தனுக்கு மூக்குல குடுத்தேன்" என்றான், பெருமையாக. அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடியவில்லை. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியது பொய்.

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "முதல் ஷிப்டை விட்டுட்டுப் போறியா, பைத்தியமாடா உனக்கு?" என்றார். இருக்கலாம் என்றேன். மாட்டை உன் அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். வீட்டைப் பூட்டவில்லை, யாருக்காவது வேண்டுமானால் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் எழுதியதைப் படிக்கிறபோது உனக்கு நம்பிக்கை வராமல் இருக்கலாம். அதற்கு நான் கோபப்படமுடியாது.

சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் பெட்டியோடு வருகிறேன். நிறுத்தத்துக்கு யாரும் வரவேண்டாம், வழி தெரியும். திங்கள்கிழமை அந்த ஜன்னலுக்குத்தான் போவேன். அதே பையன் இருந்தாலும் இருப்பான். எத்தனை தடவை கேட்டாலும் என் பெயரைச் சொல்வேன், சிரிக்கமாட்டேன்.

ராய்ஸிடம் நீ ஒன்றும் சொல்லாதே. அவர்கள் சிரித்தார்கள் என்பதை அவனிடம் நானே சொல்கிறேன்.

உன்,
டெல்மர்